மேலேயிருந்து வந்த வீடு

வீட்டை எங்கே வைப்பது என்பதில் க்ளென்னாவுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. ரூபன் ஓடை நெடுகிலும் வெள்ளம் ஏறாத சமநிலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே ஏற்கனவே இறந்தவர்கள் குடியிருந்தார்கள்.

கிழக்குக் கென்டக்கி மலைகளில் அப்படித்தான் பழக்கம். சோளம் போடவும் வீடு கட்டவும் ஓடையோரத்துச் சமநிலம் வேண்டும். ஆகவே உயிரோடிருப்பவர்கள் கீழே இருந்தார்கள். இறந்தவர்களை மேட்டுக்குக் கொண்டுபோய் ஈரமில்லாத மண்ணில் வைத்தார்கள். க்ளென்னா வாழ்க்கைப்பட்ட ஸ்லோன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த ஏற்பாட்டை யோசித்துப் பார்த்ததே இல்லை. அந்த ஜூலை மாதத்து விடிகாலையில், ஓடை படுக்கையை விட்டு எழுந்து வீடுகளைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான், நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

க்ளென்னாவின் கணவன் ஆர்லிஸ் அன்று அவளைக் கையைப் பிடித்து அந்தக் கல்லறை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். கொட்டும் மழையில் அவளை அவனுடைய அப்பாவின் கல்லின் மேல் உட்காரவைத்துவிட்டு, "இங்கேயே இரு. நாய்க் கூண்டைத் திறந்துவிட்டுட்டு வந்துடறேன்" என்றான். நாய்கள் அவனுடைய தம்பி வெர்லினுடையவை. வெர்லின் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். தீனி போடச் சொல்லி அண்ணனிடம் விட்டிருந்தான். நாய்கள் இரண்டும் நீந்திக் கரையேறின. ஆர்லிஸை மூன்று மைல் கீழே கண்டெடுத்தார்கள்.

அடக்கத்துக்கு வெர்லின் நாய்களையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவற்றை விட்டுவர அவனுக்கும் இடம் இல்லை. அவனுடைய வீடும் போய்விட்டது. க்ளென்னா வண்டியருகே போய், எல்லோரும் கேட்கவே சொன்னாள்: "உன் நாய்ங்க வந்து சேந்துடுச்சு வெர்லின். என் புருஷன் வரல. இனிமே என் கண்ணு முன்னால வந்து நிக்காத."

அவன் நிற்கவில்லை. மலையுச்சியில், நிலக்கரி வெட்டி மூடிப் புல் விதைத்த மேட்டில், பழைய சுரங்க அலுவலகக் கொட்டகையில் போய்க் குடியேறினான். அந்த மேடு அவனுடைய பங்கு. கல்லறைக்குச் சற்று மேலே இருந்த சமதளம் ஆர்லிஸின் பங்கு. ஏறக்குறைய இரண்டு வருடம் தேவாலயத்து மைதானத்தில், சக்கரம் வைத்த இரவல் வண்டிவீட்டில் படுத்தெழுந்த பிறகு, க்ளென்னா அந்தச் சமதளத்தில் வீடு வைக்க முடிவு செய்தாள்.

மலைமேல் மரம் சுமந்து கட்டித்தர ஆள் கிடைக்கவில்லை. இருந்த தச்சர்கள் எல்லாம் வெள்ளத்தில் போன வீடுகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே தொழிற்சாலையிலேயே பாகம் பாகமாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, அஸ்திவாரத்தின் மேல் இறக்கிப் பொருத்தும் வீடு. பெட்டி என்றுதான் அதன் ஆட்கள் சொன்னார்கள். இரண்டு பெட்டி சேர்ந்தால் ஒரு வீடு. சுவர், ஜன்னல், குழாய், சமையலறை அலமாரி, அத்தனையும் உள்ளேயே இருக்கும்.

விற்பனையாளன் அவளை ஒரு மாதிரி வீட்டுக்குள் கூட்டிப்போய், எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றான். அவள் அகலமான நடைபாதை கேட்டாள். சமையலறை ஜன்னலைத் தொட்டிக்கு நேரே நகர்த்தச் சொன்னாள். பிறகு, கூடத்துக் கூரையில் ஒரு கதவும் இழுத்துவிடும் ஏணியும் வேண்டும் என்றாள்.

"மலை மேல வீடு வைக்கறீங்க மிஸ் க்ளென்னா. அங்க வெள்ளம் வராதே. கூரைக்குப் போற வழி எதுக்கு?" என்றான், அந்த ஊர் மரியாதைப்படி மிஸ் போட்டு.

"வேணும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லிடறேன். இதுல நீங்க ஒப்புத்துக்கிட்டு வேலை ஆரம்பிச்சாச்சுன்னா, அப்புறம் ஒரு ஜன்னல்கூட நகராது. ஆணி அடிச்சுக் கட்டற வீடுன்னா நாளைக்கு மனசு மாறலாம். இது அப்படியில்ல. எல்லாத்தையும் இப்பவே யோசிச்சுக்கோங்க. இடத்துக்குப் பாதை எப்படி?"

"நல்ல பாதை" என்றாள் க்ளென்னா. "நான் இருபத்தஞ்சு வருஷம் இந்த ஓடையில தபால் போட்டவ. பாதை எனக்குத் தெரியாதா? சவ வண்டியே ஏறுது. வீடு ஏறாதா?"

இடத்தை வந்து பார்க்க வேண்டிய கம்பெனி ஆள் வந்த அன்று ஓடை பெருகிக் கிடந்தது. அவன் இக்கரையில் நின்றே மேட்டைப் பார்த்தான். அவள் சொன்னதை நம்பிப் போய்விட்டான். தொழிற்சாலையில் வேலை தொடங்கியது. மேட்டில் அஸ்திவாரச் சுவர் எழுந்தது. செப்டிக் தொட்டி இறங்கியது. எல்லா வீட்டையும் போல வாசல் ஓடையைப் பார்த்து இருக்கும்படி, அவள் மனக்கண்ணில் வரைந்தபடியே, கொத்தனார்கள் கட்டிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்டில், வீட்டை இறக்கும் குழுவின் தலைவி ரமோனா பாதையை அளக்க வந்தாள். ஆரஞ்சு நிற மேலாடை, வாட்டசாட்டமான உடம்பு, கையில் உருட்டிக்கொண்டே அளக்கும் சக்கரம். கீழேயிருந்து சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஏறினாள். பாதி மேட்டில், பாதை பாறையைச் சுற்றி மடிகிற இடத்தில் நின்றாள். திரும்பி வந்து மறுபடி உருட்டினாள். பிறகு சக்கரத்தைப் பாறையில் சாய்த்துவிட்டு க்ளென்னாவைப் பார்த்தாள்.

"மிஸ் க்ளென்னா, உங்க சவ வண்டி எவ்வளவு நீளம் இருக்கும்?"

"அளந்ததில்ல. உள்ள படுத்துக்கிட்டுப் போனவங்க யாரும் இடம் பத்தலன்னு சொன்னதில்ல."

ரமோனாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "உங்க பெட்டி ஒவ்வொண்ணும் அறுபதடி. அதை இழுக்கற லாரி தனி. அகலம் சரியாத்தான் இருக்கு, நீங்க சொன்னது பொய்யில்ல. ஆனா அறுபதடிப் பெட்டி இந்த வளைவுல திரும்பாது. முன்பக்கம் அங்க போகும்போது பின்பக்கம் இந்தச் சரிவுல தொங்கும்."

"சரிவை வெட்டி அகலப்படுத்திக்கலாமே?"

ரமோனா கீழே குனிந்து பார்த்தாள். சரிவில், காட்டுக்கொடிக்குள், முழங்கால் உயரக் கற்கள் நாட்டியிருந்தன. பெயர் இல்லை, தேதி இல்லை. ஆற்றுக் கல்லை நிமிர்த்தி நட்டது போல.

க்ளென்னாவும் குனிந்து பார்த்தாள். தபால் போட்ட காலமெல்லாம் இந்தப் பாதையில் அவள் எத்தனையோ பேரின் சவத்துக்குப் பின்னால் நடந்திருக்கிறாள். பாதை ஏன் இங்கே இப்படி மடிகிறது என்று அவள் கேட்டதே இல்லை. ஸ்லோன் குடும்பத்து முதல் குழந்தைகள். பெயர் வைக்குமுன் போனவர்கள். பாதை போட்டவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போட்டிருக்கிறார்கள்.

"இந்தப் பக்கம் தொட முடியாது" என்றாள்.

"அந்தப் பக்கம் பாறை. வெடி வெச்சா மேல இருக்கற கல்லறை எல்லாம் ஆடிடும்." ரமோனா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். "பெட்டியைக் குட்டையா செஞ்சிருக்கலாம், மூணா நாலா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா. இப்ப உள்பக்கச் சுவர் எல்லாம் பூசி முடிச்சாச்சு."

"ஓடையோரமா இறக்கிட்டா?"

அப்படிக் கேட்டது தானா என்று க்ளென்னாவுக்கே சந்தேகமாக இருந்தது. ரமோனா ஓடைப் பக்கம் திரும்பினாள். கீழே, வெள்ளம் நக்கிவிட்டுப் போன வெற்றுக் கான்கிரீட் தளங்கள் வரிசையாகத் தெரிந்தன.

"அதுக்கு நான் வண்டிவீட்டுலயே செத்துப்போறேன்" என்று க்ளென்னாவே பதில் சொல்லிக்கொண்டாள்.

ரமோனா நேராகச் சொன்னாள். தொழிற்சாலை முற்றத்தில் பெட்டிகளை அக்டோபர் வரை வைத்திருப்பார்கள். அதற்குள் பாதை இல்லையென்றால், கேட்டுக்கொண்டு நிற்கிற வேறு யாருக்காவது போய்விடும். இந்த வெள்ளத்துக்குப் பிறகு கேட்பவர்களுக்கா குறைச்சல்? அதன்பிறகு க்ளென்னா வரிசையில் கடைசியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இருவரும் மேட்டுச் சமதளம்வரை ஏறினார்கள். அஸ்திவாரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஆர்லிஸின் கல், இன்னும் புதுசாக. அப்போது மேலேயிருந்து, மலை முதுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கனத்த லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

ரமோனா தலையை நிமிர்த்தினாள். "மேல என்ன இருக்கு?"

"மேல ஒண்ணுமில்ல. வெர்லின்."

"லாரி சத்தம் கேக்குதே?"

"மாடு ஏத்தற லாரி."

"மாட்டு லாரி எந்த வழியா ஏறுது?"

க்ளென்னாவுக்குப் பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பக்கத்து மாவட்டத்திலிருந்து, நிலக்கரி லாரிகளுக்காக அந்தக் காலத்தில் போட்ட பாதை. எதிரும் புதிருமாக இரண்டு ராட்சத லாரிகள் ஒதுங்காமல் போகலாம். மடிப்பே இல்லாமல் மலை முதுகிலேயே வரும். ஆனால் ரூபன் ஓடைக்காரர்களுக்குப் பாதை என்றால் ஓடையிலிருந்து மேலே ஏறுவதுதான். தபால் பெட்டிகள் எல்லாம் ஓடையோரம். பள்ளிப் பேருந்து ஓடையோரம். மேலேயிருந்து யாரும் வீட்டுக்கு வந்ததில்லை. வீட்டை எங்கே வைப்பது என்று இத்தனை நாள் யோசித்தவள், அது எந்தத் திசையிலிருந்து வரும் என்று ஒருமுறையாவது தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அங்கே இருப்பவனையும் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

"அவன்கிட்ட கேக்கணும்" என்றாள் கடைசியில்.

"கேளுங்க."

"நீங்க கேளுங்களேன்."

"மிஸ் க்ளென்னா, நான் பெட்டிதான் இறக்குவேன்" என்றாள் ரமோனா.

அன்று சாயங்காலம் லெக்சிங்டனிலிருந்து மகள் ஷெல்பி பேசினாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விட்டுடும்மா. என்கூட வந்துடு. இங்க ஒரு மாடி ரூம் சும்மாதான் கெடக்கு" என்றாள்.

"உன் மாடி ரூம்ல ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?"

"கார் நிறுத்தற இடம்."

"அப்ப வேணாம்."

"சித்தப்பாகிட்ட நான் பேசட்டுமா?"

"அவன்கிட்ட பேசாம இருந்தது நான்தானே. நானே போய்ப் பேசறேன்" என்று சொல்லி க்ளென்னா போனை வைத்தாள்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றி, பக்கத்து மாவட்டம் வழியாக, அந்தக் காலத்தில் நிலக்கரி ஏற்றிய இடத்தைத் தாண்டி உச்சிக்குப் போனாள். காக்கைக்கு நான்கு சிறகடி தூரம். காருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். வேலிக் கேட் சாத்தியிருந்தது. ஹாரன் அடித்தாள்.

முதலில் வந்தது நாய்கள்தான். முன்னால் ஜெட், பின்னால் ஒரு காலைச் சற்று இழுத்துக்கொண்டு டாலி. அவற்றுக்குப் பின்னால் தொப்பியைக் கண்ணுக்கு இறக்கியபடி வெர்லின் வந்தான். இளைத்திருந்தான். தாடியில் நரை வந்து, தூரத்தில் பார்த்தால் ஆர்லிஸ்தான். க்ளென்னா கார் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

"கேட் சாத்தித்தான் இருக்கு, பூட்டல. ஹாரன் எதுக்கு அடிக்கற? தபாலா கொண்டுவந்திருக்க?"

"உனக்கு யாரு தபால் போடுவா?"

"அதுவும் சரிதான்." அவன் வேலியில் கையை ஊன்றிக்கொண்டான். "வளைவுல மாட்டிக்கிச்சு, இல்ல?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கொத்தனாருங்க வேலை பாத்தப்பவே இங்கேருந்து பாத்தேன். மாடு மேய்க்கறவனுக்கு வேற என்ன பொழுதுபோக்கு? இந்தப் பொம்பள அறுபதடி வீட்டை அந்தக் கொண்டை ஊசில எப்படித் திருப்பப் போறான்னு தெனமும் ஒக்காந்து யோசிச்சேன். ஹெலிகாப்டர் சொல்லியிருக்க போலன்னு நெனச்சேன்."

"பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

"வாயைத் திறக்கணும்னா உன் முன்னால வந்து நிக்கணுமே. நிக்காதன்னது யாரு?"

டாலி க்ளென்னாவின் கால்சராயை மோந்து பார்த்துவிட்டு, காலின் மேல் முழு எடையையும் சாய்த்து நின்றது. மழைக்காலக் குளிரில் நனைந்த உடம்புகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. க்ளென்னா நகரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "ஆர்லிஸ் கல்லுக்கு மேல, புல்லுக்குள்ள ஒரு தடம் இருக்கு. உச்சியிலேருந்து வளைஞ்சு வளைஞ்சு இறங்குது. எல்க் மான் வந்துபோற தடம்னு நெனச்சேன்."

"எல்க் மானும் வரும்."

"மானும் வரும்னா?"

வெர்லின் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "ஞாயித்துக்கெழம நீ தேவாலயத்துல இருக்கற நேரமா பாத்து எறங்குவேன். மே மாசம் கல்லறைக்குப் பூ வைக்கற அன்னிக்கு மட்டும் எறங்க மாட்டேன். நீங்க எல்லாரும் பாய் விரிச்சு ஒக்காந்து சாப்பிடுவீங்க. நான் இங்க மேட்டுல நின்னு உங்க கோழி வறுவல் வாசனையைப் பிடிச்சுக்கிட்டு, பொறை ரொட்டியைக் கடிச்சுக்குவேன்."

"அடப்பாவி."

"ரெண்டு வருஷமா."

வெர்லின் மாடுகளின் பக்கம் திரும்பி, அவற்றிடம் சொல்வதுபோலவே சொன்னான்: "தீனி போடத்தான் சொன்னேன் க்ளென்னா. தண்ணி வந்தா போய்த் திறந்துவிடுன்னு நான் சொல்லல. தண்ணி வரும்னே எனக்குத் தெரியாது."

"தெரியும்."

"அவன் போயிருக்க வேண்டியதில்ல."

"நீ சொல்லாம இருந்தாலும் போயிருப்பான். உன் நாயா இல்லாம ஊரான் வீட்டுப் பூனையா இருந்தாலும் போயிருப்பான். அவனோட முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ நான்." அவள் குனிந்து டாலியின் காதைத் தடவினாள். அந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொன்னபோதுதான், இது தனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பது அவளுக்குப் புரிந்தது. யார்மேலாவது கோபித்துக்கொண்டிருந்தால் ஆர்லிஸ் மேல் கோபப்படாமல் இருக்கலாம் என்பதும்.

வெர்லின் மூக்கை உறிஞ்சினான். "அந்தத் தடம் நல்ல சரிவு. செங்குத்தா எங்கயும் இல்ல. என் முட்டி வலிக்கு ஏத்தமாதிரி நடந்து நடந்து வந்த வழி. அதையே புல்டோசர் வெச்சு வெட்டினா பெட்டி எறங்கும். கல்லறை ஒண்ணையும் தொட வேணாம்."

"புல்டோசர் ஓடுதா இன்னும்?"

"என்னை மாதிரி. காலையில ஸ்டார்ட் ஆக நேரமாகும்." அவன் அவளைப் பார்த்தான். "ஆனா ஒண்ணு. வர்ற மே மாசம் நானும் தட்டு எடுத்துக்கிட்டு அந்தப் பாய்ல ஒக்காருவேன்."

"ஒக்காரு. வெறுங்கையோட மட்டும் வந்துடாத" என்றாள் க்ளென்னா.

ரமோனா மேல்பாதையை மறுபடி அளந்தாள். சரிவு எவ்வளவு இருக்கலாம், வளைவு எவ்வளவு அகலம் வேண்டும், கிரேன் நிற்கிற இடத்தில் ஜல்லியை எவ்வளவு கெட்டியாகப் போட்டுத் திமிசு அடிக்க வேண்டும் என்றெல்லாம் வெர்லினோடு வாதாடினாள். வெர்லின் எல்லாவற்றுக்கும் ஆகாது என்று சொல்லிவிட்டு அவள் சொன்னதையே செய்தான். மின்கம்பி ஒன்று பாதைக்குக் குறுக்கே தாழத் தொங்கியது. அதைத் தூக்கிக் கட்டச் சொல்லி ரமோனாவே அலைந்தாள். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், அஸ்திவாரத்தின் அருகே நின்று முகத்தைச் சுளித்தாள்.

"மிஸ் க்ளென்னா, உங்க வாசல் கீழ்ப்பக்கம் பாக்குது. வழி மேல்பக்கத்துலேருந்து வருது. வீடு வர்றவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும். திருப்பி வைக்கலாம்னா, குழாய் எல்லாம் இந்தக் கணக்குக்குப் போட்டாச்சு."

வெர்லின் சத்தமாகச் சிரித்துவிட்டான். க்ளென்னாவுக்குக் கோபம் வந்தது. பிறகு அவளும் யோசித்தாள்.

"இந்த ஓடையில முன்வாசல் வழியா வர்றவங்க ரெண்டே பேரு" என்றாள். "ஓட்டுக் கேக்க வர்றவன், சாவுச் சேதி கொண்டுவர்றவன். ரெண்டு பேரும் கொஞ்சம் சுத்திக்கிட்டு வரட்டும். மத்தவங்க எல்லாரும் சமையல்கட்டு வழியாத்தான் வருவாங்க."

அக்டோபரில் பெட்டிகள் வந்தன. மலையில் இலைகள் எல்லாம் சிவந்து, பள்ளத்தில் பனிமூட்டம் பால்போல் நின்றது. கீழேயிருந்து ஊர்க்காரர்கள் ஏறி வந்து கல்லறை ஓரமாக நின்றுகொண்டார்கள். தேவாலயத்துப் பெண்கள் பீன்ஸ் குழம்பும் சோளரொட்டியும் பெரிய பாத்திரங்களில் கொண்டுவந்திருந்தார்கள். ஷெல்பி விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். எல்லோரும் பழக்கதோஷத்தில் ஓடையின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அங்க இல்ல, இங்க" என்று ஒவ்வொருவரையும் திருப்பிவிட வேண்டியிருந்தது.

முதல் பெட்டி பனியிலிருந்து வெளிப்பட்டது. வெள்ளைத் தார்ப்பாய் போர்த்தி, தெரிகிற சுவரில் இரண்டு ஜன்னல்களோடு, ஒரு பாதி வீடு மலை உச்சியில் நின்றது. அதை லாரி முன்னால் இழுக்க, பின்னால் வெர்லின் புல்டோசரில் உட்கார்ந்து இரும்புக் கயிற்றால் பிடித்துக்கொண்டு வந்தான். இறக்கத்தில் வீடு லாரியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடக் கூடாதே. அங்குலம் அங்குலமாக இறங்கியது.

கடைசி வளைவில் முந்தின நாள் மழையில் ஊறிய ஜல்லி நழுவியது. பெட்டியின் பின்பக்கச் சக்கரங்கள் ஒருபுறமாக வழுக்கின. அந்தப் புறம்தான் ஆர்லிஸ் இருந்தான்.

"பிடி!" என்று ரமோனா கத்தினாள்.

வெர்லின் புல்டோசரின் கத்தியை மண்ணில் இறக்கினான். கயிறு வில்லின் நாண்போல் விறைத்து ஒரு சத்தம் போட்டது. ஷெல்பி அம்மாவின் கையைப் பிடித்தாள்; க்ளென்னாவுக்கு அது தெரியவே இல்லை. பெட்டி அசையாமல் நின்றது. புல்டோசர் தன் தடத்திலேயே ஒரு சாண் இழுபட்டுப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டைகளைச் செருகினார்கள். லாரி மெதுவாக முன்னால் நகர்ந்தது. பெட்டி நிமிர்ந்து பாதைக்கு வந்தது.

வெர்லின் இறங்கவில்லை. தொப்பியை மட்டும் கழற்றி, பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி போட்டுக்கொண்டான்.

மதியத்துக்குள் கிரேன் இரண்டு பெட்டிகளையும் தூக்கி அஸ்திவாரத்தில் இறக்கியது. காற்றில் தொங்கும்போது க்ளென்னா தன் சமையலறை ஜன்னலைக் கீழேயிருந்து பார்த்தாள். வானத்தில் ஒரு ஜன்னல். இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று நெருங்கி, ஒரு முனையில் விரல் நுழைகிற இடைவெளி விட்டு நின்றன.

"இந்த ரெண்டும் சேர்ற கோட்டுக்கு எங்க ஆளுங்க கல்யாணக் கோடும்பாங்க" என்றாள் ரமோனா. "இப்படித்தான், ஒரு பக்கம் ஒட்டும், ஒரு பக்கம் முறைச்சுக்கிட்டு நிக்கும். இழுத்து வெச்சுப் பிடிக்கணும்."

"எங்க கல்யாணத்துக்கு வந்திருந்த மாதிரி சொல்றீங்க" என்றாள் க்ளென்னா.

ஆட்கள் சங்கிலி போட்டு இழுத்தார்கள். இடைவெளி மூடியது. போல்ட் முடுக்கும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

கடைசியில் ரமோனா தார்ப்பாயைக் கிழித்து, சமையலறைக் கதவைத் திறந்து, "வாங்க மிஸ் க்ளென்னா, உங்க வீடு" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகுதான் பார்த்தார்கள். கதவு தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் நின்றது. படி இல்லை.

"படி தொழிற்சாலையில வராது" என்றாள் ரமோனா சங்கடத்தோடு. "அது எப்பவும் நாமளே கட்டிக்கறதுதான். யாரும் சொல்லலியா?"

"எது சொன்னாங்க, இது சொல்ல?"

வெர்லின் வண்டியிலிருந்து மாட்டுக்கு உப்புக்கட்டி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியை எடுத்துவந்து கதவுக்குக் கீழே கவிழ்த்தான். காலால் ஆட்டிப் பார்த்து, "ஏறு" என்று கையை நீட்டினான். க்ளென்னா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தொட்டிமேல் ஏறினாள், அங்கிருந்து உள்ளே. புது மரத்தின் வாசனையும் பெயின்ட் வாசனையும் அடித்தன. நடைபாதை அவள் கேட்ட அகலத்துக்கு இருந்தது. கூடத்துக் கூரையில் ஏணிக் கதவு இருந்தது. அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, கயிற்றை இழுக்காமல் கடந்து போனாள். வீட்டின் மறுகோடியில் முன்கதவைத் திறந்தாள். நேர் கீழே ஆர்லிஸின் கல். அதற்குக் கீழே வளைவில், கொடிக்குள், பெயரில்லாத சிறு கற்கள். அவற்றுக்கும் கீழே ஓடை, ஒன்றும் அறியாததுபோல் மினுங்கிக்கொண்டு.

பின்னால் சமையலறையில் ஷெல்பி அலமாரிக் கதவுகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரோ குழம்புப் பாத்திரத்தை அடுப்பு மேடையில் வைத்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது வெர்லின் இன்னும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தான். ஜெட் தொட்டிமேல் ஒரே தாவில் ஏறி உள்ளே வந்துவிட்டது. டாலி முன்கால்களைத் தொட்டியில் வைத்து, பின்கால் எழும்பாமல், வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது.

"நாளைக்கு பலகை கொண்டுவந்து படி போட்டுடறேன்" என்றான் வெர்லின். "எத்தனை படி வேணும்? மூணு போதுமா?"

க்ளென்னா கதவுச் சட்டத்தைப் பிடித்துக் குனிந்து உயரத்தைப் பார்த்தாள். பிறகு டாலியைப் பார்த்தாள்.

"அஞ்சு போடு. உயரம் கம்மியா, நல்லா அகலமா" என்றாள். "அதுக்கு வயசாயிடுச்சு. இப்ப அதைத் தூக்கி உள்ள விட்டுட்டு நீயும் ஏறு. சோறு ஆறுது."